தொட்டிலையும் ஆட்டினேன்

உங்கள் கவுன்சலிங் அறையில் இருக்கும் நாற்காலிகள் ரொம்பச் சின்னவை, மேடம். பிள்ளைகளுக்காகப் போட்டவை என்று தெரியும். ஆனால் அப்பா அம்மாவையும் அதிலேயே உட்காரச் சொல்கிறீர்கள். உட்கார்ந்தால் நம் முழங்கால் நம் மோவாயில் இடிக்கிறது, பக்கத்தில் இருப்பவரின் முழங்கை நம் விலாவில் இடிக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் மனைவியின் முழங்கை என் மேல் பட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

இன்று என்னை மட்டும் தனியாக வரச் சொன்னீர்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும், அதனால் நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டுச் சிரமப்பட வேண்டாம். வாண்டு உங்களிடம் சொன்னது உண்மைதான். பள்ளி வருகைப் பதிவில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் பிறந்த நாளிலிருந்து எங்களுக்கு அவள் வாண்டுதான். ஏழு வயதுப் பிள்ளை பொய் சொல்லும் என்பார்கள். என் பிள்ளை நன்றாகவே சொல்லும், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் இதில் அவள் பொய் சொல்லவில்லை. நடந்ததை முதலிலிருந்து கேட்டால்தான் அதில் இருக்கும் நியாயம் உங்களுக்குப் புரியும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. நன்றாக வேலை செய்தால் நம்மை யாருக்கும் தெரியாது. ஒழுங்காக ஓடுகிற லிஃப்டில் ஏறுகிறவர் தலை சீவிக்கொள்வாரே தவிர மெக்கானிக்கை நினைக்க மாட்டார். குடியிருப்போர் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, லிஃப்ட்தான் நன்றாக ஓடுகிறதே, இதற்கு எதற்குத் தனியாக ஒரு ஆள் என்று கேட்பார். அதனால் அனுபவப்பட்டவர்கள் ஒரு சின்னக் குறையை விட்டு வைப்போம். மூன்றாம் மாடியில் கதவு மூடப் போகும், கொஞ்சம் யோசிக்கும், திரும்பத் திறந்து பிறகு மூடும். ஆபத்து ஒன்றும் இல்லை, எரிச்சல் மட்டும்தான். உடனே நமக்குப் போன் வரும். போய்க் கதவு ஓடும் தடத்தைத் துடைத்து, ஒரு திருகை முறுக்கி இன்னொரு திருகைத் தளர்த்திவிட்டு வந்தால் எல்லோரும் நன்றி சொல்வார்கள். கயிற்றிலும் பிரேக்கிலும் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. அதில் விளையாடுகிறவன் மனுஷனே இல்லை. நான் கதவோடு நிறுத்திக்கொள்கிறவன்.

என் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. எங்களுக்குள் சண்டை கிடையாது, மேடம். நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள், அன்றும் இதைத்தான் சொன்னேன். கோபம் வந்தால் நான் பேச மாட்டேன், அவ்வளவுதான். கோபம் இல்லாவிட்டாலும் அதிகம் பேச மாட்டேன். போன வருடம் அவள் என்னிடம் ஏதோ கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்குள் அவள் என்ன கேட்டாள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. திரும்பக் கேட்க ஒரு மாதிரியாக இருந்ததால் அந்த மாதம் முழுவதும் அப்படியே போய்விட்டது. ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டினாள்.

"உங்ககூட குடும்பம் நடத்தறதுக்கு அந்த லிஃப்டுகூட நடத்தலாம். அதுவாவது வந்து சேந்த மாடி எதுன்னு வாயத் தொறந்து சொல்லும்."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

அவள் போனது தன் அக்கா வீட்டுக்கு. அங்கே என் சகலை இருக்கிறார். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். தூக்கத்திலும் பேசுவார் என்று கேள்வி. என்னைப் பற்றி, ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சொன்னாராம். பெருச்சாளி பேரைக் கெடுக்கும் என்ற மிச்சத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார், பாதியில் விடுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடம் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம் என்பதால் வாண்டு என்னோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவிடம் போவாள்.

வாண்டு பள்ளியில் முதல் தடவை கடித்ததில் எனக்குப் பங்கு இல்லை. இதை நீங்கள் மறக்கக் கூடாது. வகுப்புத் தலைவி அவளிடம், உங்கம்மா ஓடிப்போயிட்டாங்களாமே என்று கேட்டிருக்கிறாள். வாண்டு யோசிக்காமல் அவள் முழங்கையைக் கடித்துவிட்டாள். அப்படி ஏதாவது நடந்தால் அப்பா அம்மா இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும் என்பது உங்கள் பள்ளியின் விதி. அது நல்ல விதி, மேடம். யார் போட்டார்களோ அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வந்தோம். இதே நாற்காலிகள். நீங்கள் எங்கள் மூன்று பேரையும் ஆளுக்கொரு தாளில் குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னீர்கள். எனக்கு வரையத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு லிஃப்டை வரைந்து உள்ளே மூன்று கோடு போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். வெளியே வந்ததும் எதிர்க்கடையில் மூன்று பேரும் ஜூஸ் குடித்தோம். வாண்டின் மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது, என் மனைவி கைக்குட்டையால் துடைத்தாள். அதே கையோடு என் உதட்டையும் துடைத்தாள். மறதியாகத்தான். துடைத்த பிறகு கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அன்று இரவு நான் முகம் கழுவவில்லை.

அப்புறம் வாரா வாரம் வியாழக்கிழமை வந்தோம். உங்கள் வேலையில் நீங்கள் கெட்டிக்காரர், அதை யாரும் மறுக்க முடியாது. கோபம் வந்தால் கையில் வைத்து அமுக்க வாண்டுக்கு ஒரு பஞ்சுப் பந்து கொடுத்தீர்கள். அவளும் அமுக்கினாள். கடிபட்ட வகுப்புத் தலைவியும் இவளும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை நீங்கள் சிரித்த முகத்தோடு, வாண்டு நன்றாகிவிட்டாள், இனிமேல் வரத் தேவையில்லை, ஏதாவது பிரச்சனை என்றால் மட்டும் கூப்பிடுகிறேன் என்று சொன்னீர்கள். நீங்கள் நல்ல செய்தியாகத்தான் சொன்னீர்கள்.

அன்று ஜூஸ் கிடையாது. என் மனைவி நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். பேருந்து வரும் வரை என் பக்கம் திரும்பாமலே, அடுத்த மாதம் ஒரு வக்கீலைப் பார்க்கலாம் என்று அக்கா சொல்கிறாள் என்றாள். அவள் இல்லாமல் என்னால் முடியாது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, பேருந்தும் வந்துவிட்டது.

இப்போது உங்கள் சுவரில் இருக்கிற போஸ்டருக்கு வருகிறேன். கடைசி நாள் என்று நீங்கள் சொன்ன அன்று, நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அதை நின்று முழுவதும் படித்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அக்கறையாகப் படித்த அப்பாவை நான் பார்த்ததே இல்லை என்று என் மனைவியின் காதுபடச் சொன்னீர்கள். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

எங்கள் கண்ட்ரோல் பெட்டியின் உள்பக்கமும் இதே மாதிரி ஓர் அட்டை ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் கோளாறு, மறுபக்கம் அதன் காரணம். உங்கள் போஸ்டரில் இடது பக்கம் வீட்டிலும் தெருவிலும் நடப்பவை, வலது பக்கம் பிள்ளையிடம் தெரிபவை. நாங்கள் கோளாறைப் பார்த்துக் காரணத்துக்குப் போவோம். அந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது, காரணத்திலிருந்து கோளாறுக்கும் போகலாமே என்று பட்டது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். மூன்றாம் மாடிக் கதவு அளவுக்கு ஒரு சின்னக் கோளாறு.

அதில் எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடிப்பது என்று ஒன்று போட்டிருந்தது. இரும்பு பிடித்துக் காய்த்த கை, பிள்ளை தாங்காது என்று விட்டுவிட்டேன். வீட்டில் குடிப்பது என்று ஒன்று. அது எனக்கு ஒத்துக்கொள்ளாது. நாளுக்கொரு சட்டம் என்று ஒன்று இருந்தது. அதற்குச் செலவும் இல்லை, சத்தமும் இல்லை. சாப்பிடும்போது டிவி பார்க்கலாம் என்று ஒருநாள் நானே போட்டுவிட்டேன். மறுநாள் அதே டிவியை அவள் போட்டதற்குத் தட்டை எடுத்து வைத்துவிட்டு அவளைப் பட்டினியாகப் படுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நேற்று வேறு, இன்று வேறு என்றேன்.

பலன் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் பள்ளியில் தானே சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். இன்று கடைசியில் நிற்பவர்தான் முதல் என்று அறிவித்து வரிசையைத் தலைகீழாகத் திருப்பினாள். எதிர்த்துப் பேசிய உடற்பயிற்சி ஆசிரியரைப் பந்து வைக்கிற அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அவர் பாவம், ஜன்னலில் முகத்தை வைத்து விசில் ஊதியிருக்கிறார். விளையாட்டு நேரம் என்று நினைத்து மொத்தப் பள்ளியும் மைதானத்துக்கு வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமை எங்களை மறுபடி கூப்பிட்டீர்கள். விசில் கட்டம் வந்தபோது என் மனைவி சிரிப்பை அடக்க என் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள். உங்களுக்கும் சிரிப்பு வந்தது, நான் பார்த்தேன்.

அடுத்தது, வாக்குக் கொடுத்துத் தவறுவது. சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னேன். கலரைக்கூட அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். நாள் வந்ததும், நான் எப்போது சொன்னேன் என்று கேட்டேன். அடுத்த வாரம் அவள் தலைமை ஆசிரியர் இறந்துவிட்டதாக இரண்டாம் வகுப்பு முழுவதையும் நம்ப வைத்தாள். பிள்ளைகள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தபோது அவரே மேற்பார்வைக்கு உள்ளே நுழைந்துவிட்டார். முதல் பெஞ்ச் அலறிக்கொண்டு ஜன்னல் வழியாக ஓடியது. நல்ல வேளை, தரைத்தளம். அவர் ரொம்ப நாள் கண்ணாடியில் தன்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அந்த வாரம் எங்களுக்கு ஜூஸோடு கேக்கும் சேர்ந்துகொண்டது. வக்கீல் பேச்சை என் மனைவி எடுக்கவில்லை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் என்று திட்டுவார்கள். நான் அந்தப் பழமொழியைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். கிள்ளியதை மட்டும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தொட்டிலையும் அவன்தானே ஆட்டினான், அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் எங்களைக் கூப்பிடுகிற நாட்களில் நான் வாண்டைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வீடு வருவேன். கதை சொல்வேன். எனக்குக் கதை சொல்ல வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூப்பிடாத நாட்களில் எனக்குப் பேச்சு வராது. போஸ்டரில் பாராமுகம் என்று ஒன்று இருந்தது. அதற்கு நான் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

சேர்ந்து விளையாட ஆள் இல்லாமல் இருப்பதும் போஸ்டரில் இருந்தது. மாலையில் நான் வரும்வரை கீழ்வீட்டுத் தையல்காரம்மா வீட்டில் அவருடைய மகளோடு வாண்டு விளையாடிக்கொண்டிருப்பாள். அதை நிறுத்தினேன். பள்ளி விட்டதும் வீட்டில் கொண்டுவந்து விட்டு வேலைக்குத் திரும்பிவிடுவேன். சாவி என்னிடம் இருக்கும். தையல்காரம்மா ஒருநாள் படியில் என்னை நிறுத்தினார்.

"புள்ளய உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறீங்களே தம்பி. அது கதவுக்கு அந்தப் பக்கமே உக்காந்திருக்கு. நான் தையல் மெஷினை நிறுத்தினா, ஆன்ட்டி ஓட்டுங்கன்னு கத்துது."

மேலே போய்க் கதவைப் பார்த்தேன். பூட்டில் கோளாறு இல்லை.

கடைசியாக, தான் யாருக்கும் வேண்டாதவள் என்ற எண்ணம். அது போஸ்டரில் சிவப்பு எழுத்தில் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் நீங்கள் மறுபடியும் அவளை நன்றாக்க ஆரம்பித்துவிட்டீர்கள், மேடம். நான் ஒரு பக்கம் தளர்த்தினால் நீங்கள் மறுபக்கம் முறுக்கினீர்கள். ஒரு மாதம் முழுவதும் கூப்பிடவே இல்லை. என் மனைவி மாலை தவறாமல் போன் பண்ணுவாள். வாண்டுக்கு உன் மேல் கோபம், பேச வரமாட்டேன் என்கிறாள் என்று அவளிடம் சொன்னேன். அம்மா இன்றைக்கும் கூப்பிடவில்லை என்று இவளிடம் சொன்னேன். இரண்டையும் சாதாரணக் குரலில்தான் சொன்னேன், எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பேசிக்கொண்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பயம் இருந்தது. ஆனால் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. குற்ற உணர்ச்சியில் அம்மா கேட்கவில்லை. கேட்டால் அம்மா அழுவார்கள் என்று பிள்ளை கேட்கவில்லை. என்னோடு இருந்து இரண்டு பேருக்கும் என் பழக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

வாண்டு திரும்பக் கடிக்க ஆரம்பித்தாள். நூலக ஆசிரியை, பள்ளி வேன் ஓட்டுகிறவர், பழைய வகுப்புத் தலைவியின் அடுத்த முழங்கை. வியாழக்கிழமைகள் திரும்ப வந்தன. நீங்கள் காரணம் தேடி என் மனைவியிடம் நிறையக் கேள்வி கேட்டீர்கள். எதற்காக வீட்டை விட்டுப் போனாள், போகும்போது பிள்ளையிடம் என்ன சொன்னாள் என்றெல்லாம். அவள், நான் போனதுனாலதான் இப்படி ஆயிட்டாளா என்று கேட்டு உடைந்து அழுதாள். யார் மேலும் பழி போட இதைக் கேட்கவில்லை என்றீர்கள், ஆனால் அவளைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். நான் தண்ணீர் டம்ளரை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

இனி நீங்கள் கேட்க நினைத்தது. போன திங்கட்கிழமை காலை, பள்ளிக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். சில நாட்களாக நான் வாண்டிடம் பேசியிருக்கவில்லை. அவள் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, இன்னைக்கு யாரக் கடிக்கணும்?"

நான் நின்றுவிட்டேன்.

"கடிச்சா அம்மா வருவாங்க. நீயும் எங்கிட்ட பேசுவ. ஆனா யாரக் கடிச்சா நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியல. நீயே சொல்லு."

நான் அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கவில்லை, மேடம். சத்தியமாக இல்லை. மூடிய பெட்டிக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்று வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. யாரையும் கடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு குடியிருப்பிலிருந்து போன் வந்தது. மூன்றாம் மாடிக் கதவு மூடவில்லையாம். போனைக் காதில் வைத்தபடியே அவளிடம் சொன்னேன்.

"நீயே பாத்துக்கோ."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

மதியம் நீங்கள் கூப்பிட்டீர்கள். இந்தத் தடவை வியாழக்கிழமை வரை காத்திருக்கவில்லை, அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் வந்தபோது அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மணிக்கட்டுக்கு மேலே கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டில் சிவப்பு ஊறியிருந்தது. யார் இவளைக் கடித்தது என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லாமல் அவளைப் பார்த்தீர்கள். மற்றவர்களைக் கடித்தால் அவர்கள் அழுகிறார்கள் என்றாள். அதனால் தன் கையையே கடித்துக்கொண்டாளாம். தான் அழவே இல்லை என்பதையும் என்னிடம் சொன்னாள். பாராட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

பிள்ளையில் எது கதவு, எது கயிறு என்று அந்தப் போஸ்டரில் போட்டிருக்கவில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல்தான் போயிற்று.

என் மனைவி கடை ஏப்ரனோடு, கையெல்லாம் கண்ணாடித் தூளோடு ஓடி வந்தாள். அவள் அழவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள், கட்டுப் போட்ட கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பெட்டியோட வந்துடறேன். இவளுக்காகத்தான்."

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளையின் கையில் ரத்தம் இன்னும் காயவில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். பூட்டியதையும், பொய் சொன்னதையும், பட்டினி போட்டதையும் நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். அவள் அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து வாண்டுக்குச் சோறு ஊட்டினேன். நான் கேட்காமலே அவள், வாய் வலிக்கல அப்பா, கைதான் வலிக்குது என்றாள். அதன் பிறகு அந்தக் கட்டைப் பார்க்காமல் எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் நீங்கள் என் மனைவியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவள் பெட்டியோடு வர மாட்டாள், வாண்டையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். போகட்டும், பிள்ளைக்கு அதுதான் நல்லது. சகலை பேசிப் பேசியாவது அவளுக்குத் தூக்கம் வர வைப்பார். நான் குறுக்கே நிற்க மாட்டேன். திருந்திவிட்டேன், மேடம். இனி எனக்கென்று எதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள்தான். போனில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்பா அம்மா இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டுத்தானே சொல்ல வேண்டும், அதுதானே விதி. வியாழக்கிழமை என்றால் அவளுக்கும் தோதுப்படும்.